ஏலுமா என்று கேட்ட காலம்

எழுபதுகளின் கடைசியில் கண்டிப் பள்ளிக்கூடங்களில் றக்பி ஆடியவர்களுக்கு மைதானத்து வைத்தியம் என்றால் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பஞ்சு, ஒரு போத்தல் சித்தாலேப. வாளிக்குப் பொறுப்பு, அணியில் இடம் கிடைக்காத கீழ்வகுப்புப் பையன். ஆள் விழுந்தால் அவன் ஓடி வருவான், பிடரியில் குளிர்நீரைப் பிழிவான், பிறகு சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்பான். "புளுவந்த அய்யே?" தமிழ்ப் பையன் என்றால் "ஏலுமா அண்ணை?" விழுந்தவன் தலையாட்டினால் வைத்தியம் முடிந்தது. நடுவர் விசிலை ஊதுவார், ஆட்டம் தொடரும்.

கால் சுளுக்கியவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். அவன் காலைப் பற்றி அவனுக்குத்தான் தெரியும். தலையில் அடிபட்டவனிடமும் அதே கேள்விதான் கேட்கப்பட்டது. ஏலுமா, ஏலாதா என்று யோசித்துச் சொல்லவேண்டிய உறுப்புத்தான் அங்கே அடிபட்டுக் கிடக்கிறது. அதனிடமே தீர்ப்பு வாங்கினார்கள். றக்பி ஆடுகிறவர்களின் உடலைக் காக்க இந்த நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ மாற்றங்கள் வந்துவிட்டன. அவற்றுள் பெரியதாக நான் நினைப்பது, அந்தக் கேள்வியை அடிபட்டவனிடமிருந்து எடுத்து இன்னொருவர் பொறுப்பில் விட்டதைத்தான்.

"ஏலாது" என்று சொல்ல எவனுக்கும் வாய் வராததற்கு வீரம் மட்டும் காரணமில்லை. விளையாட்டின் விதியும் அப்படித்தான் வளர்ந்திருந்தது. காயம்பட்டவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கலாம் என்பது சர்வதேசப் போட்டிகளில் 1968இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டோரியாவில் பிரித்தானிய, அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸ் அணியின் பாரி ஜோன் காறை எலும்பு முறிந்து வெளியேற, மைக் கிப்சன் உள்ளே வந்தார். டெஸ்ட் றக்பியின் முதல் மாற்று வீரர் அவர்தான். அதற்கு முன்பெல்லாம் ஒருவன் வெளியேறினால் மற்றப் பதினான்கு பேரும் அவன் பங்கையும் சேர்த்துச் சுமக்கவேண்டும். ஆகவே எலும்பு முறிந்தவனும் ஓரமாக நின்று ஆடினான். விதி மாறிய பிறகும் அந்தப் பழக்கம் எங்கள் தலைமுறையின் உடம்பில் ஊறிக் கிடந்தது. வெளியே போகிறவன் கூட்டாளிகளைக் கைவிடுகிறவன்.

நான் ஹூக்கர். ஸ்க்ரத்தின் முன்வரிசையில் நடு ஆள். இரண்டு கைகளும் பக்கத்து புரொப்காரர் இருவரின் தோள்களைச் சுற்றிப் பிடித்திருக்கும். ஸ்க்ரம் சரிந்தால் ஊன்றுவதற்கு ஹூக்கருக்குக் கை கிடையாது. அன்றைய ஸ்க்ரம், இரண்டு பக்கத்து எட்டுப் பேரும் இடைவெளி விட்டு நின்று பாய்ந்து மோதுவது. முதல் மோதலிலேயே எதிர்ப்பக்கத்தின் மூச்சை அடைக்கவேண்டும் என்றுதான் சொல்லித்தந்தார்கள். அந்த மோதல் முழுவதும் முன்வரிசை மூன்று பேரின் கழுத்தில் வந்து இறங்கும். போகம்பரை மைதானத்தில் ஜூன் மழைக்குப் பிறகு கால் வழுக்கும். வழுக்கினால் ஸ்க்ரம் சரியும். தலை நிலத்தில் குத்தி நிற்க, பின்னால் இருக்கும் ஐந்து பேரும் நடந்தது தெரியாமல் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அப்போது கழுத்து முன்னோக்கி மடங்கி, எலும்பு மூட்டு விலகி, முள்ளந்தண்டு வடம் நசுங்கினால் கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று. இதை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. கழுத்தைப் பலப்படுத்த ஒரு பயிற்சியும் இருக்கவில்லை. சரிந்த ஸ்க்ரத்திலிருந்து எழும்பி, காதைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்க்ரத்துக்குக் குனிவோம். காது மடல் தடித்துச் சுருண்டு போவது முன்வரிசைக்காரனின் பதக்கமாக இருந்தது.

ஒரு பருவத்தில் காறை எலும்பு உடைந்தபோது அப்பா என்னை முறிவு நெரிவு வைத்தியரிடம் கூட்டிப்போனார். பேராதனைப் பக்கத்தில் ஒரு சிங்கள வைத்தியர். தடவிப் பார்த்தார், எண்ணெய் பூசினார், இலை வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். கட்டு அவிழ்க்கும் வரை மைதானத்துப் பக்கமே போகக்கூடாது, போனால் திரும்ப என்னிடம் வரக்கூடாது. நான் ஆடிய வருடங்களில் "ஆடாதே" என்று என்னிடம் சொன்ன ஒரே மனிதர் அவர். பாடசாலையில் அப்படி ஒருவர் இல்லை. எலும்புக்கு அவர் இருந்தார். தலைக்கு யாரும் இருக்கவில்லை.

தலையில் பட்ட அடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. கொழும்பிலிருந்து வந்த அணியுடன் ஒரு போட்டி. முதல் பாதியில் அவர்களுடைய நம்பர் எட்டு ஆளை மறிக்கப் போய், அவன் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் பட்டதாம். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தேனாம். வாளிப் பையன் வந்தான், கேட்டான், நான் தலையாட்டினேன். மற்றப் பாதி முழுக்க ஆடியிருக்கிறேன். எதிர்ப்பக்கத்துப் பந்துகளைக்கூட ஸ்க்ரத்திலிருந்து பறித்துக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். என் விளையாட்டு வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு அது. அந்தப் போட்டியில் ஒரு நிமிடம்கூட எனக்கு நினைவில்லை. வீட்டில் இரண்டு நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கிடந்ததும், அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்ததும்தான் நினைவு. வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனேன்.

அதற்குப் பெயர் கன்கஷன். மண்டையோட்டில் கீறல்கூட இருக்காது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற எருமைத் தயிர்ச் சட்டி மாதிரி. சடாரென்று பிரேக் போட்டால் சட்டி உடையாது, உள்ளே தயிர் குலைந்துவிடும். மூளை அப்படிக் குலுங்கி ஆறாமல் இருக்கும்போது இரண்டாவது அடி விழுந்தால், சிறு வயதுக்காரருக்கு மூளை திடீரென்று வீங்கிச் சாவு வரலாம். 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் இப்படித்தான் இறந்தான். ஒரே போட்டியில் பலமுறை அடிபட்டும் கடைசி நிமிடங்கள் வரை ஆடிய பிள்ளை. 2013 மே மாதம் கனடாவின் ஒட்டாவாவில் 17 வயது மாணவி ஒருத்தி, ஆறே நாட்களுக்குள் ஆடிய போட்டிகளில் திரும்பத் திரும்ப அடிபட்டு இறந்தாள். தனக்கு வந்திருப்பது கன்கஷனோ என்று அவளே இணையத்தில் தேடிப் பார்த்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. தேடினாள், சந்தேகப்பட்டாள், அடுத்த போட்டிக்கும் போனாள். பதினேழு வயதில் அந்த முடிவு அவள் தலையில் விடப்பட்டிருந்தது. ஒன்டாரியோ மாநிலம் 2018இல் அவள் பெயரால் ரோவன் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்கவேண்டும், மருத்துவர் சொல்லாமல் திரும்ப விடக்கூடாது என்பது அதன் அடிப்படை.

இலங்கையில் 83 இனக்கலவரத்துக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த நாடு நியூசிலாந்து. இங்கே றக்பிக்கு ஊரே எழுந்து நிற்கும். வந்த புதிதில் கேட்ட கதைகள் கண்டிக் கதைகளைவிடக் கடுமையானவை. 1970இல் தென்னாபிரிக்கச் சுற்றுப்பயணத்தில், நியூசிலாந்துத் தேசிய அணியான ஒல் பிளாக்ஸின் கொலின் மீட்ஸ் கை எலும்பு முறிந்த பிறகும் போட்டியை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். 1986 நவம்பரில் பிரான்சின் நான்ட் நகரில் அதே அணியின் பக் ஷெல்ஃபர்ட் பற்களை இழந்து, விதைப்பை கிழிந்து, ஓரத்தில் தையல் போட்டுக்கொண்டு மறுபடியும் இறங்கினார். பிறகு தலையில் அடிபட்டு நினைவு தப்பும் நிலையில்தான் வெளியேறினார். இந்த இருவரையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அவர்கள் பெரிய மனிதர்கள். ஆனால் அந்தக் கதைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு நித்திரைக் கதையாகச் சொல்லி வளர்த்த ஒரு நாடு, எந்தப் பிள்ளையிடமிருந்து "ஏலாது" என்ற பதிலை எதிர்பார்க்க முடியும்?

அந்த நாடுதான் மாறியது. அதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லவேண்டும். இங்கே 1974 முதல் விபத்து இழப்பீட்டுக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்கிறது. ஏசிசி என்பார்கள். யார் பிழை என்று பார்க்காமல், விபத்தில் காயப்பட்ட எவருக்கும் சிகிச்சைச் செலவும் வருமானத்தில் ஒரு பங்கும் கொடுக்கும். இருபது வயதில் ஸ்க்ரத்தில் கழுத்து முறிந்து சக்கர நாற்காலிக்குப் போகும் ஒருவரின் ஆயுள் முழுவதற்குமான செலவு அதன் தலையில். எனவே காயத்தைத் தடுக்க அதற்கே அக்கறை இருந்தது. 2001இல் றக்பி சங்கமும் ஏசிசியும் சேர்ந்து றக்பிஸ்மார்ட் என்ற திட்டத்தைத் தொடங்கின. பயிற்சியாளர்களும் நடுவர்களும் வருடா வருடம் வந்து உட்கார்ந்து படிக்கவேண்டும். உடலை எப்படித் தயார்படுத்துவது, ஸ்க்ரத்துக்கு எப்படிக் குனிவது, ஆளை மறிக்கும் டேக்கிளில் தலையை எந்தப் பக்கம் வைப்பது, அடிபட்டால் என்ன செய்வது. முந்திய வருடங்களின் கணக்கை வைத்துப் பார்த்தால் 2001 முதல் 2005 வரை ஸ்க்ரத்தில் ஒன்பது பேரளவில் முள்ளந்தண்டு காயப்பட்டு நிரந்தரமாக முடங்கியிருக்கவேண்டும். ஒருவர்தான் முடங்கினார். பிரித்தானிய மருத்துவ இதழில் 2007இல் வந்த கணக்கு இது. எட்டுப் பேர் இன்று தங்கள் கால்களில் நடக்கிறார்கள். தாங்கள்தான் அந்த எட்டுப் பேர் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஒரு பழைய ஹூக்கராக எனக்கு இதைவிடப் பெரிய கோப்பை எதுவும் கிடையாது.

ஸ்க்ரம் விதியும் மாறியது. 2013 முதல் முன்வரிசைக்காரர்கள் குனிந்து, புரொப்காரர்கள் எதிர்ப்பக்கத்துப் புரொப்பின் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சேரலாம். இடைவெளி விட்டுப் பாய முடியாது. மோதலின் விசையில் கால்பங்கு வரை குறைந்ததை பாத் பல்கலைக்கழகத்தில் அளந்து சொன்னார்கள். பத்தொன்பதுக்குக் கீழ் வயதுப் பிரிவில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது. அண்மையில் ஹூக்கர் ஒரு காலை முன்னால் ஊன்றிப் பாரத்தைத் தாங்கவேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. அந்த ஒரு காலின் அருமை, கழுத்தால் மட்டும் தாங்கியவர்களுக்குத் தெரியும்.

என் மகள் ஒக்லாந்தில் ஒரு கிளப்பில் ஃப்ளாங்கர். முதலில் ஆடியது ரிப்பா றக்பி. இடுப்பில் வெல்க்ரோ பட்டி, அதில் இரண்டு கொடி, கொடியைப் பிடுங்கினால் டேக்கிள். ஆளை ஆள் தொடத் தேவையில்லை. பிறகு படிப்படியாக டேக்கிள் கற்றுக்கொண்டாள், முழங்காலில் நின்று, நடந்து, பிறகு மெதுவாக ஓடி. எனக்கோ, நேரே ஓடிவரும் பெரிய அண்ணன்மாரைக் காட்டி "போ" என்று சொன்னதுதான் பாடம்.

அவளுக்குப் பதினாறு வயதில் ஒரு சனிக்கிழமை, டேக்கிள் செய்து எழும்பும்போது கால் ஒரு தரம் பின்னிக்கொண்டது. நான் பார்த்தேன், நடுவரும் பார்த்தார். விசில் ஊதினார். சட்டைப்பையிலிருந்து நீல அட்டையை எடுத்துக் காட்டினார். நியூசிலாந்தின் கிளப், பள்ளி மட்டத்தில் நீல அட்டை என்றால் கன்கஷன் சந்தேகம். அட்டை கண்டவர் அன்று திரும்ப இறங்க முடியாது. சோதனை வைத்துப் பார்த்து உள்ளே விடுவதும் கிடையாது. சந்தேகம் இருந்தால் போதும். விவரம் பதிவாகும், குறைந்தது மூன்று வாரம் போட்டி இல்லை, மருத்துவரின் கடிதம் இல்லாமல் திரும்ப முடியாது.

கோட்டுக்கு வெளியே வந்ததும் அழுதாள். "எனக்கு ஒண்டும் இல்லை அப்பா. என்னாலை ஏலும்."

"உன்னட்டை ஆரும் கேக்கேல்லைப் பிள்ளை" என்றேன்.

அந்த வார்த்தையை அப்போது அவள் மன்னிக்கவில்லை. முதல் இரண்டு நாள் ஃபோன் இல்லை, ரிவி இல்லை, வெளிச்சம் குறைந்த அறை. பிறகு நடை. பள்ளிக்கு அரை நாள். தலைவலி வராவிட்டால் மெதுவான ஓட்டம், பிறகு ஆள் மேல் படாத பயிற்சி. எந்தப் படியில் தலைவலி வந்தாலும் ஒரு படி கீழே. ஒவ்வொரு படியிலும் கிளப்பிலிருந்து ஒருவர் அழைத்து விசாரித்தார். ரீம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அவளுடன் சீட்டு விளையாடினார்கள். வெளியேறினவள் தங்களைக் கைவிட்டாள் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லவே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி முடியாது. அடிபட்டவரை வீட்டில் தனியே அடைத்து வைத்தால் மூளை ஆறும், மனம் வாடும். இந்த நாட்டில் மனவாட்டத்தைப் பெரிதாகப் பேச வைத்தவர்களில் ஒருவர் ஜோன் கேர்வன். ஒல் பிளாக்ஸ் அணியின் முன்னாள் விங் வீரர். தனக்கு வந்த மனச்சோர்வை ஊரறிய அவர் சொன்ன பிறகு, எத்தனையோ ஆண்பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

கீழ்மட்டத்தில் இவ்வளவு கவனம் வந்த அதே ஆண்டுகளில், காசு புழங்கும் மேல்மட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம். கன்கஷன் வந்தவர் மூன்று வாரம் ஆடக்கூடாது என்று சர்வதேச றக்பி சங்கத்தின் பழைய விதி ஒன்று இருந்தது. எங்கள் காலத்திலும் இருந்திருக்கிறது. கண்டியில் நாங்கள் அதைக் கேள்விப்படவே இல்லை. 2011இல் அந்தக் கட்டாய மூன்று வாரத்தை எடுத்துவிட்டார்கள். படிப்படியாகத் தேறினால் ஆறாவது நாளே தொழில்முறை வீரர் திரும்பலாம் என்றானது. 2012இல் ஓரத்தில் ஐந்து நிமிடம் சோதித்துவிட்டு ஆளைத் திரும்ப விடும் முறையைப் பரீட்சித்தார்கள். அயர்லாந்துக்கு ஆடிய மருத்துவர் பாரி ஓட்ரிஸ்கோல், ஐந்து நிமிடத்தில் மூளையைப் பற்றி முடிவெடுக்க முடியாது என்று சர்வதேச சங்கத்தின் மருத்துவ ஆலோசனைக் குழுவிலிருந்தே விலகினார். அடுத்த ஆண்டு சிட்னியில் லயன்ஸ் அணியுடனான கடைசி டெஸ்டில் அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் ஸ்மித் தலைகள் மோதி விழுந்து, மற்றவர்கள் தாங்க வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஆடினார். உலகமே பார்த்தது. வாளியும் பஞ்சும் இல்லை, பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருந்தார்கள். முடிவு மட்டும் கண்டியில் எடுத்த முடிவு.

பிறகுதான் பெயர்கள் வரத் தொடங்கின. 2003 உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தொம்சன், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே தனக்கு டிமென்ஷியா என்று 2020 டிசம்பரில் சொன்னார். கிண்ணத்தை வென்ற அந்தப் போட்டி தன் நினைவில் இல்லை என்றார். வேல்ஸின் அலிக்ஸ் பொப்பமும் அப்போதே பேசினார். மேலும் பலர் சேர்ந்து வழக்குக்குப் போனார்கள். 2022இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்கொட்லாந்தின் முன்னாள் சர்வதேச வீரர்கள் 412 பேரின் மருத்துவப் பதிவுகளை, அதே வயது ஆண்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். நரம்புச் சிதைவு நோய்கள் வரும் வாய்ப்பு வீரர்களுக்கு இரண்டரை மடங்கு. தசைகளை முடக்கும் மோட்டார் நியூரோன் நோய்க்குப் பதினைந்து மடங்கு. அந்த 412 பேரில் பெரும்பாலானோர் காசுக்கு ஆடாத காலத்தவர்கள். இப்போது ஆடுகிறவர்கள் உடல் பெருத்தவர்கள், வேகம் கூடியவர்கள், நீண்ட பருவங்கள் ஆடுகிறவர்கள். இவர்களின் கணக்கு இன்னும் முப்பது வருடம் கழித்துத்தான் வரும்.

இப்போது மேல்மட்டமும் திருந்தி வருகிறது. ஐந்து நிமிடச் சோதனை நீண்டிருக்கிறது, சுயேச்சையான மருத்துவர் காணொளியைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். 2024 முதல் மேல்மட்டப் போட்டிகளில் பல்காப்புக்குள் உணரி இருக்கிறது. தலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் குலுங்கினால் ஓரத்தில் நிற்கும் மருத்துவருக்குத் தகவல் போகும், ஆளை எடுத்துச் சோதிப்பார். அடிபட்டவரை யாரும் ஏலுமா என்று கேட்பதில்லை. டேக்கிளின் உயரத்தைப் பல நாடுகள் கீழ்மட்டத்தில் இறக்கிவிட்டன. பிரான்ஸ் 2019இல் இடுப்புக்கு இறக்கியது. இங்கிலாந்து 2023இல் இடுப்பு என்று அறிவித்து, எதிர்ப்பு வந்து, மன்னிப்புக் கேட்டு, நெஞ்செலும்பின் கீழ்முனையில் வந்து நின்றது. எதிர்த்தவர்கள் விளையாட்டு செத்துவிடும் என்றார்கள். ஆனால் டேக்கிளில் தலை அடிபடுகிறவர்களில் பெரும்பாலானோர் பந்து கொண்டு ஓடுகிறவர்கள் அல்லர், மறிக்கிறவர்கள். நிமிர்ந்து நின்று மறிக்கும்போது தலையும் தலையும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. இடுப்புக்குக் குனிய வைக்கும் விதி முதலில் காப்பது மறிக்கிறவரைத்தான். என் மகளைப்போல.

எனக்கு இப்போதுள்ள கவலை சனிக்கிழமையைப் பற்றியது இல்லை. சனிக்கிழமை நடுவர் இருக்கிறார், அட்டை இருக்கிறது, பெற்றோர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் மாலையில் யாரும் பார்ப்பதில்லை. தலை வாங்கும் குலுக்கல்களில் ஒரு பங்கு பயிற்சியில் வருகிறது. கன்கஷன் என்று சொல்ல முடியாத சின்னச் சின்ன அடிகள், வருடக்கணக்கில் சேர்கிறவை. உலக றக்பி அமைப்பும் வீரர்களின் சர்வதேச சங்கமும் 2021இல், முழு வேகத்தில் மோதும் பயிற்சி வாரத்துக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று அறிவுரை சொன்னார்கள். அறிவுரைதான், விதியில்லை. சொன்னதும் தொழில்முறை அணிகளுக்கு. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் என்று எங்கள் கிளப்பில் எழுதி ஒட்டக் காணோம்.

எங்கள் கிளப் கூட்டத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். பதினெட்டுக்குக் கீழ் எல்லா அணிகளுக்கும் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம், எழுத்தில். இளம் பயிற்சியாளர் ஒருவர் எழும்பி, பயிற்சியில் மோதிப் பழகாத பிள்ளை போட்டியில்தான் காயப்படும் என்றார். நியாயமான பேச்சு, கோபப்பட ஒன்றுமில்லை. டேக்கிள் நுணுக்கத்தை ஒரு மணி நேரம்கூடப் பழக்கட்டும், மெத்தையை வைத்து, நடந்து, அரை வேகத்தில். நான் கேட்பது, ஆள் ஆளோடு முழு வேகத்தில் மோதும் நேரத்துக்கு மட்டுமான கணக்கு. ஆண் பிள்ளைகளின் அணிக்குப் பொறுப்பானவர் இன்னும் சம்மதிக்கவில்லை. பெண் பிள்ளைகளின் பயிற்சியாளர் இந்தப் பருவத்திலிருந்தே செய்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். நேரத்தைக் குறித்து வைக்கப் பெற்றோரில் ஒருவர் செவ்வாயும் வியாழனும் மைதானத்தில் நிற்கவேண்டும் என்றார். செவ்வாய்க்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். வியாழனுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.